குடும்பத்தில் வேறு யாருக்காவது

குமணன்சாவடி
12.2.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

ரேணுகா எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. மனசும் நன்றாக இருக்கிறது. இந்த இல்லத்தில் இருப்பவர்கள் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதா? அண்ணிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? சௌம்யா இப்போதும் அம்பத்தூர் கம்பெனிக்கு ரயிலில்தான் போகிறாளா, இல்லை வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டீர்களா?

வீட்டுக்குப் போன் செய்யாதே, ஃபேக்டரி விலாசத்துக்குக் கடிதம் போடு என்று நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "ரேணுகா, நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார். இரண்டு வருஷமாக எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. இரவு ஒரு மாத்திரை மட்டும்தான். அதை விடாமல் போட வேண்டும், அவ்வளவே. வீட்டு மனிதர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால் கூட்டிப்போகலாம் என்று இங்கே விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெபா மேடம் சொன்னார். உங்களுக்கு இரண்டு முறை தகவல் அனுப்பினாராம். வந்து சேரவில்லை போலிருக்கிறது.

அந்த நாளை நினைத்து நீங்கள் தயங்கலாம். நான் மறக்கவில்லை, அண்ணா. ஐந்து வருஷத்துக்கு முன்னால் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் ஏறி, டேங்க்கில் விஷம் கலந்திருக்கிறது என்று வால்வை மூடிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை எட்டு வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. கீழே கூட்டம். எல்லோரும் போனில் படம் பிடித்தார்கள். என் கணக்குக்கு அன்று நான் எட்டுக் குடும்பங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அது வியாதி என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் அது வியாதியே இல்லை.

இங்கே சமையல்கூடத்தில் நான்தான் சாம்பார். பக்கத்தில் இரண்டு கம்பெனிகளுக்கு மத்தியானச் சாப்பாடு போகிறது, தினமும் நூற்றிருபது பேருக்கு. காய் நறுக்கும் குப்பம்மா வெள்ளானூர்க்காரி. நான் எழுதுவதைப் பார்த்து இப்போதுகூட, "இன்னாம்மா ரேணு, உங்க அண்ணாத்தே ஊடு ஆவடிலதானே கீது? பஸ்ஸுல குந்துனா அரை அவரு. துபாய்க்கு எய்தற மாதிரி எய்திகினு கீறியே" என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
ரேணுகா

*

ஆவடி
3.4.2023

அன்புத் தங்கை ரேணுகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சர்க்கரை கொஞ்சம் கூடத்தான். ஆர்டர் அதிகம், ஓவர்டைம் என்று போய்விட்டது, அதனால்தான் உடனே எழுதவில்லை. நீ குணமானதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

சௌம்யாவுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் ஸ்ரீகாந்த். சாஃப்ட்வேர். அப்பா அம்மாவோடு பூந்தமல்லியில் சொந்த ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் குடும்பத்தை மூன்று தலைமுறை விசாரிக்கிறார்கள். தரகர் சொன்ன யோசனைப்படி, எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை என்று சொல்லும்படி ஆகிவிட்டது. குவார்ட்டர்ஸில் கேட்பவர்களிடம் நீ மும்பையில் ஒரு குடும்பத்தோடு வேலையாக இருப்பதாக ஏற்கெனவே சொல்லியிருப்பது உனக்குத் தெரியும்.

ஆகவே கல்யாணம் முடியும்வரை பொறுத்துக்கொள். முடிந்த மறுமாதம் நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். இன்னும் இரண்டு விஷயம். கவரின் பின்பக்கம் இல்லத்தின் பெயரை எழுதாதே. ஃபேக்டரியில் தபால் பல கை மாறி வருகிறது. அதோடு, உங்களைப் பூந்தமல்லிக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவார்கள் என்று முன்பொரு கடிதத்தில் எழுதியிருந்தாய். கொஞ்ச நாளைக்கு நீ போக வேண்டாம். உன் முகஜாடை அப்படியே சௌம்யாவுக்கு இருக்கிறது. யார் கண்ணிலாவது படும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாத்திரையை மறக்காதே.

உன் அண்ணன்
பூபாலன்

*

குமணன்சாவடி
9.4.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்ல செய்தி எழுதினீர்கள். சௌம்யாவுக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது என்பதை விரல்விட்டு எண்ணிப் பார்த்துத்தான் நம்பினேன். அவள் நன்றாக இருக்க வேண்டும். அவளுக்கு அரக்கு நிறம் எடுக்கும். முகூர்த்தப் புடவை அந்த நிறத்தில் பார்க்கச் சொல்லுங்கள் அண்ணியிடம். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ஒரே பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை ஒரு தடவைதான் படித்தேன்.

கடைத்தெருவுக்குப் போகவில்லை. நேற்று எல்லோரும் கிளம்பினார்கள். தலைவலி என்று படுத்துக்கொண்டேன். ஜெபா மேடம் பயந்துபோய் டாக்டருக்குப் போன் போடப் பார்த்தார். எங்களுக்குத் தலைவலி வந்தால்கூட அது வெறும் தலைவலி இல்லை. அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். "உங்க அண்ணன் மேல எனக்குக் கோபம் வருது ரேணுகா, உனக்கு வரலையா?" என்றார். வந்தால் மாத்திரையைக் கூட்டிவிடுவீர்களே என்றேன். சிரித்துவிட்டார்.

இந்தக் கவரில் என் பெயர்கூட இல்லை. உங்களுக்குக் கையெழுத்து தெரியும். வெயில் காலம், மோர் நிறையக் குடியுங்கள்.

ரேணுகா

*

ஆவடி
19.6.2023

அன்புத் தங்கை ரேணுகாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம். ஆவணியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. மண்டபம் ஆவடியிலேயே.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் செக்‌ஷனில் அய்யாசாமி இருக்கிறார், உனக்குத் தெரியும். அவருடைய பெண்ணுக்கு இரண்டு மாதமாக ஒரு மாதிரி இருக்கிறதாம். ராத்திரி தூங்குவதில்லை. ஆபீஸில் எல்லோரும் தன்னைப் பற்றி எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள் என்கிறாளாம். போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி வைக்கிறாள். அம்மா பரிமாறினால் சாப்பிடுவதில்லை. தானே முட்டையை வேகவைத்து, உரித்து, அதை மட்டும் சாப்பிடுகிறாள். ஓடு இருப்பதால் அதற்குள் யாரும் எதையும் கலக்க முடியாதாம்.

உனக்கு ஆரம்பித்தபோது எப்படி இருந்தது? வீட்டில் என்ன செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்? அவர் மிகவும் கலங்கிப் போயிருக்கிறார். என்னிடம்தான் சொன்னார். வேலைக்கு வந்தாலும் வேலை செய்ய முடியவில்லை அவரால்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

பூபாலன்

*

குமணன்சாவடி
23.6.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும். கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன்.

எனக்கு முதலில் குரல் வரவில்லை. முதலில் எல்லாவற்றுக்கும் அர்த்தம் வந்தது. வருகிற பஸ்ஸின் நம்பருக்கு அர்த்தம். எதிர் வீட்டுக் கொடியில் காயும் துண்டு நீலமாக இருந்தால் ஒன்று, சிவப்பாக இருந்தால் ஒன்று. அப்போது பயமாகக்கூட இல்லை. இவ்வளவு நாள் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது தெரிந்துவிட்டது என்று ஒரு வேகம். பயம் அதற்குப் பிறகு வந்தது. பயம் வந்த பிறகுதான் வீட்டிலிருந்த மனிதர்கள் மாறினார்கள். அண்ணி காபி கொண்டு வந்தால் அது அண்ணி இல்லை, அண்ணி மாதிரி ஒருத்தி.

அந்தப் பெண்ணிடம் பொய் சொல்கிறாய் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆமாம், நீ சொல்வது சரி என்றும் சொல்லக் கூடாது. உனக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை. அண்ணி வேப்பிலை அடிக்க ஆள் கூட்டிவந்தார். நீங்கள் தாயத்து வாங்கி வந்தீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருஷம் அதிலேயே போய்விட்டது. முதல் ஆறு மாதத்தில் வந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

டாக்டரிடம் இந்த வாரமே போக வேண்டும். அடுத்த வாரம் கூடாது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்தால் ஒரு வருஷம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். கல்யாணம் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அவர்களை வீட்டுக்குள் விட வேண்டாம்.

இன்னொன்று. அய்யாசாமி அண்ணனுக்கு இரண்டும் பையன்கள் என்று எனக்கு ஞாபகம். திருத்தணிக்கு மொட்டை போடப் போனபோது நம்மோடு வேனில் வந்தார்களே. வேறு அய்யாசாமியாக இருக்கும்.

அந்தப் பெண்ணுக்காக நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன் என்று அவள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

ரேணுகா

*

ஆவடி
4.9.2023

அன்புத் தங்கை ரேணுகாவுக்கு,

உன் ஆசீர்வாதத்தால் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எண்ணூறு பேர் சாப்பிட்டார்கள். புடவை அரக்குதான் எடுத்தோம். நீ இல்லாதது எனக்குக் குறைதான். சௌம்யா மணமேடையில் ஒரு முறை என்னைக் கூப்பிட்டு, அத்தைக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

பூந்தமல்லியில் குடிபோய்விட்டாள். மாமியார் கொஞ்சம் கண்டிப்பு. விடியற்காலையில் எழுந்துவிட வேண்டும், குளிக்காமல் அடுப்படிக்குள் போகக் கூடாது.

உன் விஷயமாக, மறுமாதம் வருகிறேன் என்று எழுதியிருந்தேன். தலை தீபாவளி முடியட்டும். சம்பந்தி வீட்டார் வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். இப்போது நீ வந்தால் கேள்வி வரும்.

அய்யாசாமி ஒன்று கேட்கச் சொன்னார். அவர் பெண்ணை ஜூலையில் டாக்டரிடம் காட்டி, மாத்திரை கொடுத்து, நன்றாகத் தெளிந்துவிட்டாள். ஆனால் அந்த மாத்திரையால் காலையில் எட்டு மணிவரை எழ முடிவதில்லை, உடம்பும் ஊதுகிறது. கல்யாணமாகிப் போன இடத்தில் எட்டு மணிவரை எப்படித் தூங்குவது? பையில் இருக்கும் மாத்திரை அட்டையை யாராவது பார்த்தால் என்ன சொல்வது? தெளிந்துவிட்டதால் கொஞ்ச மாதம் நிறுத்திப் பார்க்கலாமா? நீ இடையில் நிறுத்தியிருக்கிறாயா? அதை மட்டும் எழுது.

பூபாலன்

*

குமணன்சாவடி
7.9.2023

அண்ணா,

உடம்பைப் பற்றி அப்புறம் விசாரிக்கிறேன். நிறுத்தக் கூடாது. நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இன்றே அந்த டாக்டரிடம் போங்கள். நான் ஒரு முறை நிறுத்தினேன். தெளிந்துவிட்டதே என்றுதான் நிறுத்தினேன். நாற்பது நாள் ஒன்றும் ஆகவில்லை. நாற்பத்தோராம் நாள் நான் மொட்டை மாடியில் இருந்தேன்.

அது சௌம்யாதானே, அண்ணா. முட்டையைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடு இருப்பதால் கலக்க முடியாது என்று அய்யாசாமி சொன்னதாக எழுதினீர்கள். அப்படி ஒரு வார்த்தை பெற்றவன் காதில்தான் அப்படியே நிற்கும்.

ஸ்ரீகாந்திடம் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார். படட்டும். கூடவே படுத்து எழுகிறவருக்கு எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்? மாத்திரை போடும் நேரத்தை மாற்றிக் கொடுப்பார்கள், அளவைக் குறைப்பார்கள், வேறு மருந்து மாற்றுவார்கள். அதற்கெல்லாம் டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

டாக்டர் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்திருக்கிறதா என்று. என் பெயரைச் சொல்லுங்கள். எனக்கு ஐந்து மருந்து கொடுத்துப் பார்த்து, ஆறாவது மருந்துதான் கேட்டது. அத்தைக்குக் கேட்ட மருந்து மருமகளுக்கும் கேட்கக்கூடும், முதலிலேயே அதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஜெபா மேடம் டாக்டரிடம் கேட்டுச் சொன்னார். என் மருந்துச் சீட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு அத்தை கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

ரேணுகா

*

குமணன்சாவடி
26.11.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள், அண்ணி, சௌம்யா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன். இது மூன்றாவது. தீபாவளி முடிந்து பதினான்கு நாள் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சொல்லை மீறி வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார். "அண்ணி, நான் ரேணு" என்றேன். "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். இருபது வருஷம் எனக்குச் சோறு போட்டவரின் குரல் எனக்குத் தெரியாதா? அவர் அழுதுகொண்டிருந்தார். அதனால்தான் எனக்கு இந்த வாரம் முழுவதும் தூக்கம் இல்லை.

இங்கே மழை. சமையல்கூடத்துக்குள் தண்ணீர் வந்து இரண்டு நாள் சாப்பாடு அனுப்பவில்லை. எழுத வேறு ஒன்றும் இல்லை. மாத்திரை போடுகிறாளா என்று ஒரு வரி எழுதுங்கள். ஆம் அல்லது இல்லை. அது போதும்.

ரேணுகா

*

ஆவடி
11.2.2024

அன்புத் தங்கை ரேணுகாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. ஃபேக்டரி லாக்கரில் இருக்கின்றன. மழுப்பாமல் எழுதுகிறேன்.

மாத்திரையை முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டோம். உன்னிடம் நான் கேட்டபோது நிறுத்தியாகிவிட்டது. உன் அண்ணி வசந்தகுமாரி அட்டைகளை நறுக்கிக் குப்பையில் போட்டாள். நான் தடுக்கவில்லை. சௌம்யாவே, "அப்பா, அங்க போய்ப் போட்டுக்கறேன், ஸ்ரீகாந்த்கிட்ட சொல்லிடறேன்" என்றாள். சொன்னால் உன்னை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

டிசம்பரில் ஆரம்பித்தது. மாமியார் சமைத்ததைத் தொடவில்லை. ஒரு நாள் காலை குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். மத்தியானம் மூன்று மணிக்குக் கதவை உடைத்தார்கள். ஈரத் தரையில் உட்கார்ந்து, தலைமுடியைத் தானே கத்தரித்துப் போட்டிருந்தாள். ஃப்ளாட்டில் இருந்த அத்தனை பேரும் வாசலில் நின்றார்களாம். அன்றைக்கே காரில் கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் கேட்டருகே இறக்கிவிட்டார்கள். இரண்டு பெட்டியும் கூட. ஸ்ரீகாந்த் வண்டியை விட்டு இறங்கவில்லை. அவன் அம்மா, "பைத்தியத்த எங்க தலைல கட்டிட்டீங்களே, உங்களுக்கு மனசாட்சி இல்லையா" என்று கேட்டாள். காவலுக்கு நின்ற ஆள் கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது பெரிய மருத்துவமனையில் செவ்வாய்தோறும் காட்டுகிறோம். ஒன்றும் பிடிபடவில்லை. நான் டாக்டரிடம், கல்யாணத்துக்குப் பிறகுதான் தூக்கம் இல்லை, பயப்படுகிறாள் என்றேன். முன்பு மருந்து சாப்பிட்டதைச் சொல்லவில்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொன்னார். முன்பே இருந்ததை மறைத்துக் கல்யாணம் செய்தோம் என்று எழுத்தில் வந்தால் மோசடி வழக்குப் போடுவார்களாம். டாக்டர் எழுதிக்கொடுத்திருப்பது தூக்க மாத்திரை மட்டும்தான் என்று நினைக்கிறேன். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வசந்தகுமாரியை அறைக்குள் விடுவதில்லை.

நீ இப்போது வீட்டுக்கு வரலாம். இனி மறைக்க என்ன இருக்கிறது? வசந்தாவால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. உனக்கு இந்த விவரமெல்லாம் தெரியும், சௌம்யா உன் பேச்சையாவது கேட்பாள். நான் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போடுகிறேன். மும்பையிலிருந்து உதவிக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒன்று மட்டும். உன் மருத்துவ ஃபைலை எடுத்து வர வேண்டாம். டாக்டர் யாராவது கேட்டாலும் உனக்கு ஒன்றும் இருந்ததில்லை என்றே இருக்கட்டும். சௌம்யாவின் நன்மைக்காகத்தான் கேட்கிறேன்.

பூபாலன்

*

குமணன்சாவடி
28.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் எனக்கே கேலியாகத் தோன்றும். ஆனாலும் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நான் வீட்டுக்கு வரவில்லை. நேற்று செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். அண்ணி உங்களிடம் சொல்லியிருப்பார். என் வாயாலும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை ஜெபா மேடத்திடம் காட்டினேன். படித்துவிட்டு, அன்று சாயங்காலமே புதிதாக வந்திருக்கும் டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "இவங்க போறதுக்கு இவங்க கையெழுத்தே போதுமே, ஏன் இத்தனை நாள் வெச்சிருக்கீங்க?" என்றார். ஜெபா மேடம் தலையைக் குனிந்துகொண்டார். குடும்பம் வந்து கூட்டிப்போனால்தான் மரியாதை என்று நினைத்தோம் என்றார். உங்களுக்காக ஒரு வருஷம் காத்திருந்தேன், அண்ணா. என் பெயரை நானே எழுத அரை நிமிஷம் ஆனது.

மருத்துவமனையில் பத்து மணிக்கெல்லாம் ஜெபா மேடமும் நானும் வரிசையில் இருந்தோம். அண்ணி சௌம்யாவை ஆட்டோவில் கூட்டிவந்தார். தலையில் துப்பட்டா சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அண்ணி, "நீ இங்க எதுக்கு வந்த?" என்றார். டாக்டரிடம் பேச வந்தேன் என்றேன். "வேணாம் ரேணு. உன் கால்ல விழறேன். இருக்கற கொஞ்சநஞ்ச மானமும் போயிடும்" என்றார். உண்மையிலேயே குனிந்தார். அந்த முட்டியோடு. நான் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே போய்ச் சொன்னேன். நான் இந்தப் பெண்ணின் அத்தை, அப்பாவுடன் பிறந்தவள். எனக்கு இந்த வியாதி பதினோரு வருஷமாக இருக்கிறது. இதோ என் ஃபைல். இவளுக்குப் போன ஜூலையிலேயே மருந்து கொடுத்தார்கள், கல்யாணத்துக்காக நிறுத்தினார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அண்ணியையும் திட்டவில்லை. எழுதிக்கொண்டே போனார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "ரெண்டு மாசமா நான் வேற ஏதோ வியாதிக்கு மருந்து குடுத்துக்கிட்டிருந்திருக்கேன்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நேற்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குக் கேட்ட மருந்தையே ஆரம்பித்திருக்கிறார்கள். பழைய சௌம்யாவாகத் திரும்பி வருவாளா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். மருந்து நின்ற ஆறு மாதத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது, அதுவும் சொன்னார்.

சௌம்யா என்னிடம் பேசினாள். மிகவும் மெதுவாக. நவம்பர் மாதம் ஒரு நாள் எங்கள் இல்லத்துக்கு நடந்தே வந்தாளாம். பூந்தமல்லியிலிருந்து எவ்வளவு தூரம்? கேட்டில் இருந்தவர், யாரைப் பார்க்கணும், நீங்க அவங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டிருக்கிறார். "என்ன சொல்றதுன்னு தெரியல அத்தே. அப்பாக்குத் தங்கச்சியே கெடையாதுன்னு அவங்க வீட்ல சொல்லியிருந்தோமா, அதான் திரும்பிட்டேன்" என்றாள். அன்றைக்கு நான் உள்ளே சாம்பார் கொதிக்க வைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

ஜெபா மேடம் குமணன்சாவடியிலேயே ஒரு அறை பார்த்துக் கொடுத்திருக்கிறார். சமையல்கூட வேலை சம்பளத்தோடு தொடரும். வார்டிலிருந்து வெளியே வந்ததும் சௌம்யா கொஞ்ச நாள் என்னோடு இருக்கட்டுமா என்று டாக்டரைக் கேட்டேன். அவளையே கேளுங்கள் என்றார். அவள் சரி என்றாள். வருகிற 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவளைப் பெற்றவரோடு பேச வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா போதாது, அப்பா வர வேண்டும் என்றார். வாருங்கள், அண்ணா. வழக்கு வந்தால் வரட்டும். அவள் தினமும் கதவைப் பார்க்கிறாள்.

ரேணுகா

*

ஆவடி
12.3.2024

ரேணுகா,

நீயும் சௌம்யாவும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் இன்று வந்தேன். லீவு போட்டுவிட்டு, ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிட்டேன். அந்தப் பிரிவின் வாசல்வரை வந்தேன். உள்ளே பெஞ்சில் முகமது ஆசிக் உட்கார்ந்திருந்தார். என்னுடைய செக்‌ஷன். பத்தொன்பது வருஷமாக எனக்கு அடுத்த மெஷினில் வேலை செய்கிறவர். பக்கத்தில் அவர் மனைவி. மடியில் இவ்வளவு தடிமனாக ஒரு ஃபைல். நான் திரும்புவதற்குள் பார்த்துவிட்டார்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நகர்ந்து இடம் விட்டு, "வாங்க பூபாலன், இங்க உக்காருங்க. டாக்டர் வர இன்னும் அரை மணி ஆவும். நாங்க எட்டு வருஷமா வரோம்" என்றார். கேன்டீனில் டீ குடிக்கக் கூப்பிடுவது மாதிரிதான் கூப்பிட்டார்.

நான், "இல்ல பாய், கண் டெஸ்டுக்கு வந்தேன், வழி மாறிட்டேன்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, மனைவியை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, கண் பிரிவுவரை என்னோடு நடந்து வந்து விட்டுப் போனார். தாழ்வாரத்தின் முனையிலிருந்து திரும்பியும் பார்த்தார். அதனால் நான் அந்த வரிசையில் நின்றேன். சீட்டு கொடுத்தார்கள். பெயரைக் கேட்டார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அசையாமல் உட்காரச் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்துக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது என்றார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது நீங்கள் இருவரும் தாழ்வாரத்தில் நடந்து போனீர்கள். உன் நடையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ அவள் கையைப் பிடித்திருந்தாய். அவள் ஏதோ சொன்னாள், நீ நின்று கேட்டாய். இரண்டு பேர் முகமும் தெரியவில்லை. கூப்பிட வாயெடுத்தேன்.

அவளுக்குத் தலைமுடி வளர்ந்திருக்கிறதா என்று எழுது. நான் வந்தேன் என்று அவளிடம் சொல்லாதே.

பூபாலன்